தோய்க்காத காகிதம்

வெர்லின் ரிங்க்கருக்குக் கை நடுங்க ஆரம்பித்த வருஷத்தில்தான் அவனுக்குக் குதிரைப்படைத் துப்பாக்கி வாங்கினார்கள். கேட்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். கை நடுங்குகிறவனுக்கு யாராவது துப்பாக்கி வாங்கிக் கொடுப்பார்களா? அவன் பெண்டாட்டி மாவிஸும் முதலில் அப்படித்தான் கேட்டாள். ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் பாதி ஆண்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. ஆயிரத்து எண்ணூறுகளில் நடந்த உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட பட்டாளங்களின் பெயரில் கம்பெனி என்று படைக்குழு வைத்துக்கொண்டு, அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் போலவே புதிதாகச் செய்த துப்பாக்கிகளில் கருமருந்து போட்டுச் சுடுவார்கள். ஆளைப் பார்த்து இல்லை, பலகையில் மாட்டிய மண்தட்டுகளைப் பார்த்து. தோளோடு தோள் உரசி ஒரே வரிசையில் நிற்பார்கள். எந்தக் கம்பெனி முதலில் எல்லாத் தட்டையும் உடைக்கிறதோ அதற்கு வெற்றி. வெர்லின் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வரிசையில் நிற்கிறான். அவனுக்கு வலது பக்கம் எப்போதும் டெல்மர். இரண்டு பேரும் கோழி ஆலையில் ஒரே ஷிப்டில் மெக்கானிக்காக இருந்தவர்கள், ஒரே மான்கறித் தொத்திறைச்சியைப் பாதியாக வெட்டித் தின்றவர்கள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையில் அவனவன் இடம் அவனவனுக்குத்தான். ஆனால் ஒரு போட்டிக்கு ஒருவன் வராமல் போய் அடுத்தவன் அந்த இடத்துக்கு நகர்ந்துவிட்டால் அதோடு சரி, திரும்பக் கேட்கக்கூடாது. நிமோனியாவில் படுத்திருந்த ஒருவன் காய்ச்சலோடு வந்து நின்று சுட்டுவிட்டுப் போனதுகூட உண்டு.

நடுக்கம் வந்தபிறகு வெர்லினுக்கு அந்த இடம் போய்விடும் போலிருந்தது. டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்த்தால் கை கொஞ்சம் அடங்கிவிடும். சும்மா இருக்கும்போதுதான் ஆடும். சட்டைப் பொத்தான் மாதிரிச் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் விரல் கட்டை மாதிரி ஆகிவிடும். பழைய நீளத் துப்பாக்கிக்குக் குழல்வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடிக்க வேண்டும். அது அவனால் ஆகவில்லை. பாதி மருந்து பூட்ஸில் கொட்டும்.

வசந்தகாலப் போட்டியில், கூடாரங்களில் சாமான் விற்கிற வரிசையில் ஒரு கடைக்காரர் அந்தக் குட்டைத் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தார். இத்தாலியில் செய்தது. குதிரைமேல் போகிறவன் வாரில் மாட்டிக்கொள்ள ஒரு பக்கம் இரும்பு வளையம். விசைக்குக் கீழே இருக்கிற பிடியை இறக்கினால் பின்னால் ஓர் இரும்புக் கட்டை கீழே இறங்கித் துளை திறக்கும். சுருட்டி வைத்த காகிதத் தோட்டாவை அப்படியே உள்ளே தள்ளி, பிடியை ஏற்றி, தீப்பொறி கிளப்புகிற சின்ன ‘கேப்’ மூடியை மாட்டிச் சுட வேண்டியதுதான். மருந்து கொட்டவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம். வெர்லின் அதைத் தோளில் வைத்துப் பார்த்தான். மாவிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். டாக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை அவள் பார்க்கவில்லை. எடுத்துக்கொள் என்று அவளேதான் சொன்னாள்.

கம்பெனித் தலைவன் ராய்ஸ் நல்லவன், ஆனால் ஜாக்கிரதைக்காரன். குட்டைத் துப்பாக்கியோடு வெர்லினை வரிசையில் விடலாமா என்று எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டான். வெர்லின் தலையைக் குனிந்துகொண்டு கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நிற்கப்போகிறவன் டெல்மர், அவன் சொல்லட்டும் என்று ராய்ஸ் விட்டுவிட்டான்.

"எத்தனையோ வருஷமா இவன் குறட்டைய ஒரே கூடாரத்துல கேட்டுட்டிருக்கேன்," என்றான் டெல்மர். "இவன் கை ஆடுறதா என்னைக் கொல்லப்போவுது? நான் நிக்கிறேன்ப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது.

தோட்டா சுருட்டுவது மாவிஸ் வேலையாயிற்று. சின்ன மரக்குச்சியில் காகிதத்தைச் சுற்றி ஒட்டி, ஒரு முனையில் ஈயக் குண்டைச் செருகி, மருந்தை அளந்து கொட்டி, வாலை மடிக்க வேண்டும். வெர்லின் விரலுக்கு அது ஆகாது. அவளுக்கோ அது கைவந்த வேலை. ஊரில் பெண்களுக்கு முடி சுருட்டிவிட்டே காலம் தள்ளினவள். தோட்டாவுக்கு ஏற்ற காகிதமும் அவள் வேலை பார்த்த முடி அலங்காரக் கடையில் சுருள்முடிக்கு வைக்கிற மெல்லிசுக் காகிதம்தான். பெட்டி பெட்டியாக வீட்டில் கிடந்தது. ஒரே ஒரு வித்தியாசம், அதை வெடியுப்புத் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஏன் என்று அவள் கேட்டபோது வெர்லின் செய்தே காட்டினான். சமையலறைத் தொட்டியில் தோய்த்த காகிதம் ஒன்று, தோய்க்காத காகிதம் ஒன்று, இரண்டையும் வைத்துக் கொளுத்தச் சொன்னான். தோய்த்தது குப்பென்று போய்விட்டது, சாம்பல்கூட இல்லை. தோய்க்காததில் தீ அணைந்தபிறகும் ஓரத்தில் சிவப்பாக ஒரு கங்கு நெளிந்து நெளிந்து ஊர்ந்தது.

"அந்தப் புழுவப் பாத்தியா," என்றான். "அது துளைக்குள்ள உக்காந்திருக்கும்போது நான் அடுத்த தோட்டாவ உள்ள தள்ளுனா, பின்பக்கம் தொறந்திருக்கயிலயே பத்திக்கும்."

அதற்காகத்தான் ஒவ்வொரு முறை சுட்டபிறகும் துளைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை வைக்க வேண்டும் என்று ராய்ஸும் எல்லாரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

கோடை முழுக்க டெல்மரின் மேய்ச்சல் நிலத்தில் போய்ச் சுட்டார்கள். மாடுகள் எல்லாம் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொள்ளும். வெர்லின் மெதுவாகத்தான் சுட்டான், ஆனால் பட்டது. புகை நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து ஹாம் வைத்த ரொட்டியை நாலு தின்பான். மாவிஸுக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. ஆனால் அவன் தின்கிறதைப் பார்க்கும்போது அந்தப் பயத்தை ஒரு மூலையில் தள்ளி வைத்துவிடுவாள்.

இலையுதிர்காலப் பெரிய போட்டிக்கு முந்தின வாரம் மழை விடவில்லை. தோய்த்த காகிதத்தைத் துணி துவைக்கிற அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். சவசவவென்று காயாமலே கிடந்தது. காய்ந்ததை வைத்துச் சுருட்டிப் பார்த்தால் ஒரு கட்டு குறைந்தது. வெர்லின் வெளியே வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு, நேரமாச்சு நேரமாச்சு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஈரக் காகிதத்தில் மருந்து கெட்டுவிடும். அவள் பெட்டியைத் திறந்து தோய்க்காத காகிதத்தை எடுத்தாள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது. கடைசிக் கட்டுதானே, அதுவரை வரவே வராது என்று சொல்லிக்கொண்டாள். சுருட்டித் தோட்டாப் பெட்டியில் அடியில் வைத்தாள். வெர்லினிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். சொன்னால் அவன் அந்தக் கட்டை எடுத்து வீசிவிடுவான், பாதியில் தோட்டா தீர்ந்து நாலு பேர் முன்னால் வெறுங்கையோடு நிற்பான். சொல்லவில்லை.

போட்டி அன்றைக்கு வானம் வெளுத்திருந்தது. மாவிஸ் மற்ற பெண்களோடு கயிற்றுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டெல்மரின் பெண்டாட்டி பெட்டி ஜோ, பிளாஸ்கில் காபியோடு. வெர்லின் நன்றாகவே சுட்டான். ஆனால் மற்ற கம்பெனிகளுக்கும் அன்றைக்குக் கை ஓடியது. ஒரு பலகையில் தட்டு உடையாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. அவன் தோட்டாப் பெட்டியின் அடிவரை விரலை விட்டுத் துழாவுகிறதைப் பார்த்ததும் மாவிஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள். கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும் என்றும் நினைத்தாள்.

அடியிலிருந்து எடுத்ததில் அவன் ஒன்று சுட்டான். பிடியை இறக்கினான். அடுத்த தோட்டா விரலில் நிற்கவில்லை, துளையின் விளிம்பிலேயே இடித்துக்கொண்டு நின்றது. டெல்மர் தன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, நான் தள்ளிவிடுகிறேன் என்கிற மாதிரி அவன் பக்கம் குனிந்தான். கண்ணாடி போட்டுத்தான் இருந்தான், போடாமல் யாரையும் வரிசையில் விட மாட்டார்கள். ஆனால் கிட்டத்துப் பார்வைக்காகக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தான். வெடிச்சத்தம்கூடப் பெரிதாக இல்லை. புஸ்ஸென்று ஒரு சீறல், கொஞ்சம் வெள்ளைப் புகை. டெல்மர் அப்படியே புல்லில் உட்கார்ந்தான். தொப்பி கழன்று உருண்டது. பெட்டி ஜோவின் பிளாஸ்க் மாவிஸின் காலில் விழுந்தது, சூடுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வலது கண் போய்விட்டது. எரியாத மருந்துத் துகள் உள்ளே புகுந்துவிட்டது என்றார்கள்.

பாதுகாப்புக்குப் பொறுப்பான மூன்று பேர் வெர்லினை ஒரு கூடாரத்தில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அவன் விரலும் வெந்திருந்தது. துளைக்குள் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்றான். அதற்குமேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கையைத்தான் அவர்களும் பார்த்தார்கள். மிச்சத் தோட்டாவை மாவிஸ் பெட்டியோடு வண்டியில் கொண்டுபோய் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கினாள். காகிதம் பிரிந்து தண்ணீர் கறுத்தது.

அதற்கப்புறம் வெர்லின் ஜன்னல் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டெல்மர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று என்று தெரிந்தும் போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவேன் என்றான். டெல்மரே ஒருதரம் போன் பண்ணினான். வெர்லின் பேசாமல் போனை மாவிஸிடம் கொடுத்துவிட்டான். துப்பாக்கியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னான். சாப்பாட்டில் கை வைப்பதில்லை. அவள் ஆப்பிள் கூழ் தடவி ரொட்டியைக் கையில் கொடுத்தால், பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான்.

மாவிஸ் இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இவன் எழுந்துவிடுவான், அது நிச்சயம். எழுந்தால் எங்கே போவான்? அந்த வரிசைக்குத்தான் போவான். கை நாளுக்கு நாள் மோசமாகிறது. அடுத்த தடவை யாருக்கு என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால் இந்த நாற்காலியிலேயே தன் கூட்டாளியைக் குருடாக்கினவனாகச் சாவான். இப்படி இழுபடும்போது, தன் பெயர் கெடுமே என்கிற பயமும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுதான் பெரிய பயமோ என்று அவளுக்கே சந்தேகம்.

ஒருநாள் குப்பையைக் கட்டும்போது அவனுடைய மாத்திரைகள் அடியில் கிடந்தன. பல நாளாகத் துப்பிப் போட்டது. எடுத்துக்கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினாள்.

"எதுக்கு அது?" என்றான். "ஆடட்டும். ஆடி அப்படியே விழட்டும்."

அவள் அவனுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். மழை, காயாத காகிதம், அடியில் வைத்த கடைசிக் கட்டு, வாளித் தண்ணீர், எல்லாம் சொன்னாள். திட்டுவான், அடிக்கக்கூடச் செய்வான் என்றிருந்தாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"கடைசியாச் சுட்டது அந்தக் கட்டுலேருந்துதானா? நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும். நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

அவன் எழுந்து கோட்டைத் தேடினான். டெல்மர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். வண்டியை அவள்தான் ஓட்டினாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்: இந்த வருஷம் சோளம் சீக்கிரம் அறுத்துவிட்டார்கள், அந்த வளைவில் பாலத்தை மாற்றிவிட்டார்கள், ராய்ஸுக்கு இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இத்தனை வாரமாக வாய் திறக்காதவன். அவள்மேல் ஒரு கோபச் சொல் வரவில்லை. இப்படிச் செய்துவிட்டாயே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று அவள் காத்துக்கொண்டே ஓட்டினாள். அவனுக்கு அது தோன்றவே இல்லை.

டெல்மர் சமையலறையில் உட்கார்ந்திருந்தான், கண்ணில் கறுப்பு மறைப்பு. அந்தப் பக்கக் கன்னத்தில் நீலப் புள்ளிகள் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டிருந்தன. வெர்லினைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான். வந்துட்டியா கிழட்டுக் கழுதை என்றான். காபி ஊற்றப்போய்க் கோப்பைக்கு வெளியே ஊற்றினான், தூரம் பிடிபடவில்லை. பெட்டி ஜோ ஒன்றும் பேசாமல் கோப்பையை நகர்த்தி வைத்து மேசையைத் துடைத்தாள்.

வெர்லின் உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க மாவிஸுக்குக் கூசியது. ஒற்றைக் கண்ணோடு இருக்கிறவன் முன்னால் நின்றுகொண்டு, பரிசு விழுந்தவன் மாதிரிச் சொன்னான். "என் கை இல்ல, டெல்மர். காகிதம்."

டெல்மர் தலையை முழுசாகத் திருப்பித்தான் மாவிஸைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளும் ஆமாம், தோய்க்காததுதான், தெரிந்தேதான் வைத்தேன் என்றாள். பெட்டி ஜோ துடைக்கிற துணியை மடித்துத் தொட்டியில் வைத்தாள். பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

அவள் திறந்துபோட்ட கதவை டெல்மர் போய்ச் சாத்திவிட்டு வந்தான்.

"அவன் கையினாலன்னு இருந்தப்ப எனக்கு அது பெருசாத் தோணல, மாவிஸ்," என்றான் டெல்மர். மெதுவாகத்தான் பேசினான். "அது ஆடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பக்கத்துல போய் நின்னேன். என் கண்ணு, நான் பந்தயமா வச்சு விளையாடினேன், போச்சு. அப்படி நெனச்சுத்தான் தூங்கிட்டிருந்தேன். காகிதத்தப் பத்தி எனக்கு யாரும் சொல்லலியே."

மன்னித்துக்கொள் என்கிற வார்த்தையை வழியில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தச் சமையலறையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வெர்லின் நடுவில் புகுந்தான். தப்பு எங்கேயென்று தெரிந்துபோய்விட்டது, இனி ஒரு கவலையும் இல்லை, வசந்தப் போட்டியில் நானாவது போய் நிற்பேன், கம்பெனி பெயர் போகக்கூடாது என்று அடுக்கினான். டெல்மர் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"யாரு சுருட்டுவா?" என்றான் கடைசியில்.

வெர்லின் மாவிஸைக் காட்டினான். காட்டிய விரல் அவன் சொல் கேட்காமல் மேலும் கீழும் போயிற்று.

"நான் சுருட்டமாட்டேன்," என்றாள் மாவிஸ்.

"இனிமே நீ ஜாக்கிரதையா..."

"ஜாக்கிரதை இல்லாம வைக்கல, வெர்லின். தெரிஞ்சு வச்சேன். நீ நாலு பேர் முன்னாடி தலை குனியக்கூடாதுன்னு வச்சேன். மறுபடியும் அப்படி ஒரு நேரம் வந்தா மறுபடியும் வைப்பேன். என் கையால இனி ஒண்ணுகூடக் கெடையாது."

"அப்ப நானே சுருட்டிக்கிறேன்."

டெல்மர் அந்த ஒற்றைக் கண்ணால் வெர்லின் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெர்லினும் தன் கையைப் பார்த்தான். அதை இன்னொரு கையால் பிடித்தான்; இரண்டும் சேர்ந்து ஆடின. அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ராய்ஸோட மருமகன் நின்னு பழகுறான்," என்றான் டெல்மர், வெளியே பார்த்தபடியே. "உன் எடத்துல. என் எடத்துக்கு இன்னும் ஆள் கெடைக்கல. பரவால்ல பையன். நல்லாத்தான் சுடறான்."

காபி ஆறிப்போனது. குடி என்று யாரும் சொல்லவில்லை. புறப்படும்போது பெட்டி ஜோ பின்பக்கம் கோழிக்கூண்டு அருகே முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

இரண்டு மைல் தாண்டினபிறகு வெர்லின் அவள் பக்கம் திரும்பினான்.

"அவனுக்காவது நீ சொல்லாம இருந்திருக்கலாம்," என்றான்.

"அவனுக்கு நீதான் சொன்ன," என்றாள் மாவிஸ்.

அவன் யோசித்துப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினான். பாலத்தைத் தாண்டும்போது அழ ஆரம்பித்தான். கையை உயர்த்தி முகத்தைத் துடைத்துக்கொள்ள முயன்றான், அது முகத்துக்கு வந்து சேரவில்லை. அவள் வண்டியை ஓரமாக நிறுத்திக் கைக்குட்டையை எடுத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கிறவரை அப்படியே இருந்தாள்.